வாத்தியார் வெளிய போயிட்டா எக்ஸாம் ஹாலை யார் பாத்துப்பாங்க? ஹானர் கோட் பத்தி கொஞ்சம் விரிவா

ஒரு எக்ஸாம் ஹாலை நினைச்சுப் பாருங்க. ப்ரொஃபசர் வர்றார், கொஸ்டின் பேப்பரைக் குடுக்கிறார், ஏதாவது டவுட்னா பக்கத்து ரூம்ல இருப்பேன் வந்து கேளுங்கன்னு சொல்லிட்டு கதவைச் சாத்திட்டுப் போயிடறார். அப்புறம் எக்ஸாம் முடியற வரைக்கும் வரிசை வரிசையா நடந்து பாக்கிறதுக்கு ஆள் கிடையாது, யாரும் பையைச் சோதிக்கிறதும் கிடையாது. முடிச்சதும் ஒவ்வொருத்தரும் பேப்பர்ல தன் கையால ஒரு வரி எழுதறாங்க, இந்த எக்ஸாம்ல நான் ஹானர் கோடை மீறலன்னு என் மானத்து மேல உறுதி சொல்றேன்னு, கீழ கையெழுத்து. அமெரிக்காவுல பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டில 1893-ல ஆரம்பிச்சு நூறு வருஷத்துக்கும் மேல எக்ஸாம் நடந்த விதம் இதுதான். அங்கயே கலிஃபோர்னியால இருக்கிற கால்டெக் யுனிவர்சிட்டில இன்னும் ஒரு படி மேல போய் கொஸ்டின் பேப்பரையே கையில குடுத்து அனுப்பிடற வழக்கம் ரொம்ப காலமா இருக்கு, ரூம்ல உக்காந்து எழுது, புக்கைத் திறக்காதன்னு போட்டிருந்தா திறக்காத, டைம் லிமிட் போட்டிருந்தா நீயே கடிகாரத்தைப் பாத்து நிறுத்திக்கோ, அவ்வளவுதான்.

இதைக் கேட்டா பாதிப் பேர் "அப்ப எல்லாரும் காப்பி அடிச்சிருப்பாங்களே"ன்னு கேப்பாங்க, மீதிப் பேர் "அந்தப் பசங்க அவ்வளவு நல்லவங்க போல"ன்னு சொல்லுவாங்க. ரெண்டு பேருமே இதை தனி மனுஷனோட ஒழுக்கம் பத்தின விஷயமா பாக்கிறாங்க. எனக்கு இதை வருஷக்கணக்கா படிச்சதுல புரிஞ்சது வேற, ஹானர் கோட்ங்கிறது அடிப்படையில ஒரு குடுக்கல் வாங்கல். ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு வாக்கு குடுக்கிறாங்க, நான் ஏமாத்த மாட்டேன், ஏமாத்தறதைப் பாத்தா கண்டும் காணாம இருக்க மாட்டேன். அதுக்கு ஈடா காலேஜ் ரெண்டு விட்டுக்கொடுக்குது, உங்க தலைக்கு மேல நின்னு பாக்க மாட்டோம், யாராவது மாட்டினா அந்த விசாரணையையும் நீங்களே நடத்திக்கோங்க. ஸ்டான்ஃபோர்ட்ல 1921-ல வந்த கோட்ல இந்த ரெண்டு பக்கமும் எழுத்துலயே இருந்துச்சு, ஆசிரியர்கள் எக்ஸாமை நின்னு கண்காணிக்காம இருக்கிறது மூலமா மாணவர்கள் மேல இருக்கிற நம்பிக்கையைக் காட்டணும்னு. இதுல எந்தப் பக்கம் தளர்ந்தாலும் முழுசும் ஆட ஆரம்பிச்சிடும், இந்த நூத்தி எண்பது வருஷக் கதையை அந்தக் கண்ணோட பாத்தா நிறைய விஷயம் விளங்குது.

கதை ஆரம்பிக்கிறது ஒரு கொலைல. வெர்ஜீனியா யுனிவர்சிட்டி 1825-ல பாடம் நடத்த ஆரம்பிச்ச புதுசுல அங்க படிச்சது பெரும்பாலும் பணக்காரத் தோட்ட முதலாளிங்க வீட்டுப் பசங்க, துப்பாக்கி வெச்சுக்கிறதும் ராத்திரி முகமூடி போட்டுக்கிட்டு கேம்பஸ்ல ரகளை பண்றதும் சாதாரணமா நடந்துக்கிட்டு இருந்துச்சு, ப்ரொஃபசருங்களும் ஸ்டூடண்ட்ஸும் எதிரி முகாம் மாதிரி இருந்தாங்க. 1840 நவம்பர்ல அப்படி ஒரு ராத்திரி, வெளிய சத்தம் கேட்டு சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸ் வந்து பாக்கிறார், முகமூடி போட்ட ஒரு மாணவனோட முகத்தைப் பாக்க முயற்சி பண்றார், அவன் சுட்டுட்டான். ரெண்டு நாள்ல டேவிஸ் செத்துட்டார். அதுக்கப்புறம் அந்த இடத்துக்கு சட்டம் சொல்லிக்குடுக்க வந்தவர் ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர். 1842 ஜூலைல அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார், இனிமே எக்ஸாம் எழுதறவங்க எந்த உதவியும் வாங்கலன்னு தன் மானத்து மேல சத்தியமா எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும்னு. பசங்களை வேவு பாத்துப் பாத்து வந்த பகையை குறைக்கிறதுக்கு எடுத்த முயற்சியாத்தான் நான் இதைப் பாக்கிறேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பொய், திருட்டுன்னு எக்ஸாமுக்கு வெளியவும் இது விரிஞ்சுச்சு, விசாரணையும் முழுசா மாணவர் கைக்கே போச்சு.

இங்க ஒண்ணை மறைக்காம சொல்லணும். அந்தக் காலத்து "ஹானர்"ங்கிற வார்த்தை அடிமை முறை நடந்த தெற்கு மாநிலங்கள்ல வெள்ளைக்கார கனவான்கள் தங்களுக்குள்ள வெச்சிருந்த மரியாதை. என்னைப் பொய்யன்னு சொன்னா டூயல்னு கூப்பிட்டு சண்டை போடற வகை மானம் அது. அந்த வட்டத்துக்குள்ள யார் இருந்தாங்கன்னா அவங்களை மாதிரியே இருந்தவங்க மட்டும்தான், வெர்ஜீனியால பெண்களை எல்லாப் படிப்புக்கும் ஆம்பளைங்களுக்கு சமமா சேத்துக்கிட்டதே 1970-லதான். ஒரே மாதிரி இருக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் நம்பறது சுலபம். எல்லா நாட்டுல இருந்தும் எல்லா வகை வீட்டுல இருந்தும் ஆட்கள் வந்ததுக்கு அப்புறமும் அதே நம்பிக்கை நிக்குமாங்கிறதுதான் பின்னாடி வந்த எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

பிரின்ஸ்டன்ல வந்தது வேற வழில. அங்க அதுக்கு முன்னாடி கண்காணிப்பு கடுமையா இருந்துச்சு, ஏமாத்தறதும் ஒரு விளையாட்டு மாதிரி நடந்துச்சு, வாத்தியார் போலீஸ் மாதிரி நின்னா பசங்க திருடன் மாதிரி யோசிக்கத்தானே செய்வாங்க. 1893-ல மாணவர்களே கிளப்பி, மாணவர் பத்திரிகைல எழுதி, ஃபேகல்ட்டியை ஒத்துக்க வெச்சாங்க. வெளிய இருந்து யாரும் திணிக்கல, நாங்க கேட்டு வாங்கினோம்ங்கிற அந்த நினைப்புதான் அதை இத்தனை காலம் தாங்கினதுன்னு நான் நினைக்கிறேன். இன்னொரு சின்ன விவரம், பிரின்ஸ்டன்ல மாணவர் ஹானர் கமிட்டி பாக்கிறது வகுப்புல எழுதற எக்ஸாமை மட்டும்தான், வீட்டுல எழுதற கட்டுரை, அசைன்மென்ட் கேஸெல்லாம் ஆசிரியர்களும் மாணவர்களும் சேந்து உக்கார்ற வேற ஒரு கமிட்டிக்குப் போகும். பல பேர் இதைக் குழப்பிக்குவாங்க.

சரி, ஒரு கேஸ் நிஜமா எப்படி நடக்குதுன்னு பாப்போம், ஏன்னா "ஸ்டூடண்ட்ஸே நடத்தறாங்க"ன்னா கிளப் மீட்டிங் மாதிரின்னு நினைச்சுக்கிறாங்க. ஒவ்வொரு காலேஜுக்கும் விதி மாறும், ஆனா பொதுவான போக்கு இப்படி. முதல்ல ஒரு ரிப்போர்ட் வரும், ப்ரொஃபசர் குடுக்கலாம், கூடப் படிக்கிறவங்க குடுக்கலாம். ட்ரெய்னிங் வாங்கின மாணவர்கள் ரெண்டு பேர் விசாரிப்பாங்க, பேப்பரைப் பாப்பாங்க, குற்றம் சாட்டப்பட்டவர்கிட்டயும் சாட்சிங்ககிட்டயும் பேசுவாங்க. குற்றச்சாட்டு நிக்கிற அளவுக்கு ஆதாரம் இருக்கான்னு ஒரு சின்னப் பேனல் முடிவு பண்ணும், இல்லன்னா அங்கயே கேஸ் க்ளோஸ். இருந்தா ஹியரிங். அதுல குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவறதுக்கும் ஒரு மாணவர், தீர்ப்பு சொல்றதும் மாணவர்கள். பத்தொம்பது இருபது வயசுப் பிள்ளைங்க தன் வயசுப் பிள்ளையோட படிப்பு போகுமா இருக்குமான்னு ராத்திரி வரைக்கும் உக்காந்து பேசறாங்க. அந்த வயசுல அந்த பாரம் சின்னது கிடையாது.

இதுல சட்டமும் வந்து நிக்கும். அரசு நடத்தற யுனிவர்சிட்டில இருந்து ஒருத்தரை வெளிய அனுப்பணும்னா என்ன குற்றம்னு முன்கூட்டியே சொல்லணும், அவர் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் குடுக்கணும்னு 1961-ல டிக்சன் - அலபாமா வழக்குல ஃபெடரல் அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு. அது சிவில் உரிமைப் போராட்டத்துல கலந்துக்கிட்ட கறுப்பின மாணவர்களை விசாரணையே இல்லாம நீக்கினதுக்கு வந்த தீர்ப்பு, காப்பி அடிக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா இன்னைக்கு அரசு யுனிவர்சிட்டில ஒரு ஹானர் ஹியரிங்ல "உங்க மேல இருக்கிற குற்றச்சாட்டு இதுதான், பதில் சொல்லுங்க"ன்னு முறையா கேக்கறதுக்குப் பின்னாடி அந்தப் பசங்க போராடி வாங்கினது இருக்கு.

வெர்ஜீனியாவோட குற்ற விதில ஒரு அழகான மூணு படி இருந்துச்சு. செயல் நடந்துச்சா? செஞ்சவருக்கு அது ஏமாத்துறதுன்னு தெரியுமா, இல்ல தெரிஞ்சிருக்க வேண்டியதா? மூணாவது, இதை வெளிப்படையா பொறுத்துக்கிட்டா இந்த நம்பிக்கை சமூகம் நிக்குமா, அதாவது விஷயம் அவ்வளவு பெருசா? இந்த மூணாவது கேள்விலதான் நிஜமான சண்டையே. ஏன்னா அங்க ரொம்ப காலமா இருந்த தண்டனை ஒண்ணே ஒண்ணு, நிரந்தர நீக்கம். சிங்கிள் சாங்க்‌ஷன்னு பேர். லேப் ரிப்போர்ட்ல ரெண்டு நம்பரை மாத்தினவருக்கும், ஒரு முழு பேப்பரைக் காசு குடுத்து வாங்கினவருக்கும் ஒரே முடிவு. அப்ப என்ன ஆகும்? ஜூரில உக்கார்ற பிள்ளைங்க மனசுல, செஞ்சது உண்மைதான், ஆனா இதுக்காக வாழ்க்கையையே எடுக்கணுமான்னு ஒரு கேள்வி வரும், அப்ப அந்த மூணாவது படில "அவ்வளவு பெருசு இல்ல"ன்னு சொல்லி விட்டுடலாம். கூடப் படிக்கிறவன் செஞ்சதைப் பாத்தவளும் வாயைத் திறக்க மாட்டா, ப்ரொஃபசரும் எதுக்கு வம்புன்னு கமிட்டிக்கே போகாம மார்க்கைக் குறைச்சிட்டு தானே முடிச்சுக்குவார். தண்டனை எவ்வளவு பெருசாச்சோ அந்த அளவுக்கு அதைப் பயன்படுத்த ஆள் இல்லாமப் போயிடும், பல வருஷமா வெர்ஜீனியா மாணவர்கள் இதைத்தான் தங்களுக்குள்ள விவாதம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

அந்த முறைக்கு வந்த பெரிய சோதனை 2001. லூயிஸ் ப்ளூம்ஃபீல்ட்னு ஒரு இயற்பியல் பேராசிரியர், தினசரிப் பொருட்கள் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிக்குடுக்கிற ரொம்ப பாப்புலரான கோர்ஸ் நடத்தினவர். மார்க்குக்காக பழைய பேப்பரை எடுத்து திரும்பக் குடுக்கிறாங்கன்னு காதுல விழுந்ததும், அவரே ஒரு ப்ரோக்ராம் எழுதி, பல செமஸ்டரா சேந்திருந்த கட்டுரைகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு, ஆறு வார்த்தை தொடர்ச்சியா ஒத்துப் போற இடங்களைப் பிடிச்சார். முதல்ல 122 பேர், அப்புறம் எண்ணிக்கை 158. எல்லாக் கேஸும் மாணவர் கமிட்டி மேல விழுந்துச்சு, ஒரு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு, கடைசில நாப்பது சொச்சம் பேர் நீக்கப்பட்டோ, தானே ஒத்துக்கிட்டு விலகியோ, பட்டம் பறிக்கப்பட்டோ போனாங்க. மீதிக் கேஸ் பெரும்பாலும் விழுந்துடுச்சு, நிறையப் பேர் அசலை எழுதினவங்க, தங்க பேப்பர் காப்பி அடிக்கப்பட்டதே அவங்களுக்குத் தெரியாது. ஒரு மாணவர் அமைப்பு இவ்வளவு பெரிய சுமையை நேர்மையா தாங்கிக் காட்டினதை நான் மதிக்கிறேன். ஆனா கவனிச்சா ஒண்ணு தெரியும், கண்டுபிடிச்சது ப்ரோக்ராம். அத்தனை செமஸ்டர்ல நடந்தது எத்தனை பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், யாரும் கமிட்டிக்கிட்ட வந்து சொல்லல. ரெண்டாவது வாக்கு அப்பவே செத்துப் போயிருந்துச்சு.

அதுக்கப்புறம் மாற்றம் மெதுவாத்தான் வந்துச்சு. தான் சந்தேகத்துல இருக்கோம்னு தெரியறதுக்கு முன்னாடியே ஒருத்தர் தானா வந்து ஒத்துக்கிட்டா தண்டனை இல்லங்கிற விதி முன்னாடியே இருந்துச்சு. 2013-ல மாணவர் ஓட்டுல இன்னொண்ணு சேந்துச்சு, ரிப்போர்ட் ஆன அப்புறம் ஒத்துக்கிட்டாலும் ரெண்டு செமஸ்டர் விலகி இருந்துட்டு திரும்பி வரலாம். 2022-ல நடந்த ஓட்டுல பெரும் மெஜாரிட்டியோட நிரந்தர நீக்கத்தையே எடுத்துட்டு ரெண்டு செமஸ்டர் விலகல்னு மாத்தினாங்க. அடுத்த வருஷமே இன்னொரு ஓட்டு, கேஸைப் பொறுத்து பல வகைத் தண்டனை, பாடம் கத்துக்க வைக்கிறது, செஞ்சதுக்கு ஈடு செய்ய வைக்கிறதெல்லாம் சேத்து, ரொம்ப மோசமான கேஸுக்கு நீக்கமும் கைல இருக்கிற மாதிரி. வயசான பழைய மாணவர்கள் பல பேருக்கு இது பெரிய வருத்தம், நம்ம பாரம்பரியமே போச்சுன்னு. நான் மாத்தினவங்க பக்கம். யாரும் எடுக்கப் பயப்படற கத்தியை விட, எடுத்து உபயோகிக்கிற கத்தி மேல்.

ராணுவ அகாடமி வெஸ்ட் பாயின்ட்ல இந்த ரெண்டாவது வாக்கு ரொம்ப கறாரா இருக்கு. பொய் சொல்ல மாட்டேன், ஏமாத்த மாட்டேன், திருட மாட்டேன், அப்படிச் செய்றவங்களைப் பொறுத்துக்கவும் மாட்டேன். அந்தக் கடைசித் துண்டு பாத்துட்டு சும்மா இருந்தவரையும் குற்றவாளி ஆக்கிடும். 1951-ல அங்க ஒரே எக்ஸாமை ரெண்டு பிரிவுக்கு ரெண்டு வேற நாள்ல நடத்திக்கிட்டு இருந்தாங்க, முதல் நாள் எழுதினவங்க அடுத்தவங்களுக்குக் கேள்வியைச் சொல்லிட்டாங்க, கிட்டத்தட்ட 90 பேர் சிக்கினாங்க, ஃபுட்பால் டீம் பாதி காலி, அதுல ஏமாத்தாம தெரிஞ்சும் சொல்லாம இருந்தவங்களும் இருந்தாங்க. அதே கேள்வியை ரெண்டு நாள் குடுத்தது யாரு, நிர்வாகம்தானே. நம்பறோம்னு சொல்லிட்டு நம்பிக்கையை சோதனை மேல சோதனையா வைக்கிறதும் ஒப்பந்தத்துக்கு விரோதம்தான்னு எனக்குத் தோணும். 1976-ல எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்ல ஒரு டேக்-ஹோம் வேலை, அதாவது ரூமுக்கு எடுத்துட்டுப் போய் தனியா செய்ய வேண்டியது, அதுல ஏமாத்தினதா 150-க்கு மேல கேடட்ஸ் (அகாடமி மாணவர்கள்) வெளிய போனாங்க, விண்வெளி வீரர் ஃப்ராங்க் போர்மன் தலைமைல கமிஷன் போட்டாங்க, நிறையப் பேருக்குத் திரும்ப வர வாய்ப்பு கிடைச்சுச்சு. 2020-ல கோவிட் சமயம் ரிமோட்டா எழுதின கால்குலஸ் எக்ஸாம்ல 73 பேர், ஒரே மாதிரி தப்பு ஒரே இடத்துல இருந்ததுல மாட்டினாங்க.

இப்ப ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு வருவோம். வில்லியம் பவர்ஸ் 1960-கள்ல 99 காலேஜ்ல 5,000 பேருக்கு மேல சர்வே எடுத்தார், பாதிக்கு மேல ஏதோ ஒரு விதத்துல ஏமாத்தினதா ஒத்துக்கிட்டாங்க. அந்த வேலையை 1990-ல கைல எடுத்தவர் ரட்கர்ஸ் பேராசிரியர் டொனால்ட் மெக்கேப். அவரே பிரின்ஸ்டன்ல படிச்சவர், கார்ப்பரேட் வேலைல பல வருஷம் இருந்துட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். 31 காலேஜ், 6,000-க்கு மேல மாணவர்கள், லிண்டா ட்ரெவினோங்கிற இன்னொரு ஆய்வாளரோட சேந்து எழுதின கட்டுரைகள்ல திரும்பத் திரும்ப வந்த முடிவு, ஹானர் கோட் இருக்கிற இடத்துல ஏமாத்தறது குறைவு, ஆனா கோட் பேப்பர்ல இருக்கிறதுனால மட்டும் குறையாது. எல்லாக் காரணத்துலயும் பலமானது என்னன்னா, என் கூடப் படிக்கிறவங்க ஏமாத்தறாங்கன்னு நான் நினைக்கிறேனா இல்லையாங்கிறது. மத்தவன் அடிக்கிறான், நான் மட்டும் நேர்மையா இருந்து கிரேடு குறையணுமாங்கிற கேள்வி ஒரு வகுப்புல பரவிடுச்சுன்னா எந்தக் கையெழுத்தும் அதை நிறுத்தாது. கால்டெக் கோடோட ஒற்றை வரி இதை நல்லா பிடிச்சிருக்கு, இந்தச் சமூகத்துல யாரும் இன்னொருத்தர் மேல நியாயமில்லாத ஆதாயம் எடுக்கக் கூடாதுன்னு. ஏமாத்தினா நஷ்டம் வாத்தியாருக்கு இல்ல, பக்கத்துல உக்காந்திருக்கிற ஃப்ரெண்டுக்குன்னு சொல்ற கோட் அது.

கையெழுத்து பத்தி ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஃபார்மோட அடில கையெழுத்துப் போடறதை விட மேலயே முதல்ல போட வெச்சா மக்கள் உண்மை எழுதுவாங்கன்னு 2012-ல ஒரு ஆய்வு ரொம்பப் பிரபலம் ஆச்சு, நிறைய இடத்துல அதை நம்பி ஃபார்மை மாத்தினாங்க. அதே ஆய்வாளர்கள் 2020-ல திரும்பச் செஞ்சு பாத்தப்ப அந்த விளைவு வரல. 2021-ல அதுல ஒரு பரிசோதனையோட டேட்டாவே பொய்யா உருவாக்கப்பட்டதுன்னு அம்பலமாகி கட்டுரையை வாபஸ் வாங்கிட்டாங்க. நேர்மை பத்தின ஆய்வுலயே இப்படி நடந்தது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அதுனாலதான் முதல் வாரம் ஆன்லைன்ல ஒரு பாக்ஸ்ல டிக் அடிக்க வெச்சுட்டு எங்ககிட்ட ஹானர் கோட் இருக்குன்னு சொல்ற காலேஜுங்களைப் பாத்தா எனக்குக் கோபம் வருது. டிக் அடிச்ச பையனுக்கு அது என்னன்னே தெரியாது, பதிலுக்கு அவனுக்கு எதுவும் கிடைக்கவும் இல்ல, எக்ஸாம்ல அதே கண்காணிப்புதான்.

சின்ன காலேஜுல ஆயிரம் பேர் இருப்பாங்க, முகம் தெரியும், நம்பலாம். முப்பதாயிரம் பேர் படிக்கிற இடத்துல? அதுக்கு மேரிலாண்ட் யுனிவர்சிட்டி காட்டின வழியை மாடிஃபைடு ஹானர் கோட்னு சொல்றாங்க. எக்ஸாமை ஆள் வெச்சுக் கண்காணிக்கலாம், கூடப் படிக்கிறவங்களைக் காட்டிக்குடுத்தே ஆகணும்னு கட்டாயம் கிடையாது, ஆனா நேர்மை பத்தி எடுத்துச் சொல்றதும் விசாரணையும் மாணவர் கைல. அங்க பிரபலமானது எக்ஸ்எஃப்ங்கிற கிரேடு. வெறும் எஃப்னா பாடத்துல ஃபெயில், எக்ஸ்எஃப்னா ஏமாத்தி ஃபெயில், டிரான்ஸ்கிரிப்ட்ல, அதாவது மார்க் ஷீட்ல, அப்படியே நிக்கும். ஆனா நேர்மை பத்தின வகுப்பை முடிச்சுட்டு விண்ணப்பிச்சா அந்த எக்ஸை எடுக்கற வழியும் வெச்சாங்க. மறைக்கிறதும் இல்ல, ஆயுசுக்கும் முத்திரை குத்தறதும் இல்ல, எனக்கு இதுல ஒரு நியாயம் தெரியுது.

விதி தெளிவா இல்லன்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஹார்வர்ட் 2012. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பத்தின ஒரு கோர்ஸ், 279 பேர், டேக்-ஹோம் எக்ஸாம், புக் திறக்கலாம், நோட்ஸ் திறக்கலாம், இன்டர்நெட் திறக்கலாம், ஆனா மத்தவங்களோட பேசக் கூடாது. செமஸ்டர் முழுக்க க்ரூப்பா படிச்சு நோட்ஸ் மாத்திக்கிட்ட பசங்களுக்கு அந்த ஒரு எக்ஸாம்ல கோடு எங்க விழுதுன்னு மங்கலாகிடுச்சு. திருத்தறவங்க கண்ணுல ஒரே மாதிரி பதில்கள் பட்டுச்சு, கிட்டத்தட்ட 125 பேர் மேல விசாரணை, சுமார் 70 பேர் ஒரு காலத்துக்கு விலக வேண்டி வந்துச்சு. ஹார்வர்ட்ல அதுவரைக்கும் ஹானர் கோடே கிடையாதுங்கிறது நிறையப் பேருக்கு ஆச்சரியமா இருக்கும், 2014-ல ஓட்டுப் போட்டு 2015-ல இருந்துதான் நடைமுறைக்கு வந்துச்சு.

யார் மேல ரிப்போர்ட் போகுதுங்கிறது இதுல எல்லாம் வலிக்கிற விஷயம். வெர்ஜீனியால இதுக்கு ஸ்பாட்லைட்டிங்னு பேரே உண்டு, கூட்டத்துல வித்தியாசமா தெரியறவங்க மேல கண்ணு முதல்ல விழும், பேச்சு வேற மாதிரி, இங்கிலீஷ் வேற மாதிரி, எல்லாரும் அடிக்கிற இடத்துல அவங்க மட்டும் தெரிவாங்க. வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல், மேற்கோள் எப்படிக் குடுக்கணும், எவ்வளவு வரை சேந்து வேலை செய்யலாம்ங்கிறதுல அவங்க வளந்த இடத்து வழக்கம் வேறயா இருக்கும். அவங்களுக்கு ஒரு வருஷ நீக்கம்ங்கிறது படிப்பு நிக்கிறதோட முடியாது, ஸ்டூடண்ட் விசாவே போகும், நாட்டை விட்டுக் கிளம்பணும். ஒரே தீர்ப்பு, ரெண்டு பேருக்கு ரெண்டு விதமான கனம். இதைக் கணக்குல எடுக்காத மாணவர் ஜூரியை என்னால முழு மனசோட ஆதரிக்க முடியல.

"மாணவர்களே நடத்தறது"ங்கிறதுக்கு எல்லை எங்கன்னு பிரின்ஸ்டன்ல 2017 கடைசில தெரிஞ்சுச்சு. வழக்கமான ஒரு வருஷ சஸ்பென்ஷனைக் குறைக்கணும், ஹியரிங்குக்குப் போக ரெண்டு தனி ஆதாரம் வேணும், எக்ஸாம்ல விதி மீறலன்னு ப்ரொஃபசரே சொல்லிட்டா கேஸ் நிக்கக் கூடாது, தான் சாட்சியா குற்றவாளியான்னு கூப்பிடும்போதே சொல்லணும்னு நாலு கேள்வி, மாணவர்கள் நாலையும் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வெச்சாங்க. நிர்வாகம் கடைசி ஒண்ணை மட்டும் உடனே ஏத்துக்கிட்டு மத்த மூணையும் மறுபரிசீலனைக்கு அனுப்பிடுச்சு. இது ஃபேகல்ட்டிக்கும் மாணவர்களுக்கும் நடுவுல இருக்கிற ஒப்பந்தம், ஒரு பக்கம் மட்டும் மாத்த முடியாதுங்கிறது அவங்க வாதம். வாதம் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா கடைசிப் பேனா யார் கைலங்கிறது பசங்களுக்கு அன்னைக்கு நல்லா விளங்கிடுச்சு.

ஸ்டான்ஃபோர்ட்ல அதே இழுபறி வேற திசைல நடந்துச்சு. 1921 ஒப்பந்தம் நூறு வருஷம் தாண்டின நேரம், வகுப்புல ஏமாத்தறது பரவலா இருக்கு, யாரும் ரிப்போர்ட் பண்றதில்ல, வாக்கோட ஒரு பக்கம் இல்லாமலே போச்சு, அப்ப எங்க பக்கம் மட்டும் ஏன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்னு ஆசிரியர்கள் கேட்டாங்க. 2023 ஏப்ரல்ல ஃபேகல்ட்டி செனட் எக்ஸாம் ஹால்ல கண்காணிப்பாளரை அனுமதிக்க ஓட்டுப் போட்டுச்சு. முதல்ல வேண்டாம்னு சொல்லியிருந்த இளநிலை மாணவர் செனட் அப்புறம் இறங்கி வந்து, முதல்ல சோதனை முறைல நடத்திப் பாப்போம்னு முடிவாச்சு. மாணவர்கள் பக்கத்து வருத்தம் எனக்குப் புரியுது, ஆனா ஆசிரியர்கள் கேட்ட கேள்விக்கு அவங்ககிட்ட பதில் இல்லங்கிறதும் உண்மை.

இது எல்லாத்துக்கும் மேல 2022 நவம்பர் 30-ல சாட்ஜிபிடி வந்து நின்னுச்சு. முன்னாடி ஏமாத்தறதுக்கு இன்னொரு மனுஷன் வேணும், பேப்பர் குடுக்கற ஃப்ரெண்டோ, எழுதிக் குடுக்கற ஆளோ, அதனால விஷயம் எங்கயாவது கசியும். இப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு ரூம்ல தனியா இருக்கிற பையனுக்கு யாரும் வேண்டாம், பாக்கிற சாட்சியும் இல்ல. பாத்தா சொல்லணும்ங்கிற வாக்கு பாக்கவே முடியாத இடத்துல என்ன செய்யும்? மெஷினை வெச்சு மெஷினைப் பிடிக்கிறேன்னு கிளம்பினவங்க கதையும் சரியா வரல. சாட்ஜிபிடியை உருவாக்கின ஓபன்ஏஐ, ஏஐ எழுதினதைக் கண்டுபிடிக்கிற தன்னோட டூலை துல்லியம் போதலன்னு 2023 ஜூலைல தானே மூடிடுச்சு. அடுத்த மாசம் வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டி காப்பி கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் டர்னிட்டினோட ஏஐ டிடெக்டரை நிறுத்தினப்ப ஒரு எளிய கணக்கு சொன்னாங்க, முந்தின வருஷம் 75,000 பேப்பர் போட்டோம், தப்பா காட்டறது 1 சதவீதம்னு கம்பெனி சொல்றதையே எடுத்துக்கிட்டாலும் 750 பேர் மேல அநியாயமா பழி விழும். அதே வருஷம் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க டோஃபல்ங்கிற இங்கிலீஷ் தேர்வுக்கு எழுதின கட்டுரைகள்ல பாதிக்கு மேல இந்த டிடெக்டருங்க ஏஐ எழுதினதுன்னு தப்பா காட்டினதைக் கண்டுபிடிச்சாங்க. மறுபடி அதே ஸ்பாட்லைட், இந்தத் தடவை மெஷின் கைல. நாப்பது சதவீதம் ஏஐன்னு ஒரு நம்பரை மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு பிள்ளையை ஹியரிங்ல உக்கார வைக்கிறது பெரிய பாவம், எழுதின டிராஃப்ட் எங்க, எப்படி யோசிச்ச, இந்த வரிக்கு என்ன அர்த்தம்னு நேர்ல உக்காந்து கேட்டாலே நிறைய விஷயம் வெளிய வந்துடும், அதுக்கு நேரம் செலவாகும், அவ்வளவுதான்.

பென்சில்வேனியாவுல ஹேவர்ஃபோர்ட்னு ஒரு சின்ன காலேஜ் இருக்கு, ஹானர் கோட் 1890-கள்ல இருந்து இருக்கு. அங்க செமஸ்டர் கடைசி எக்ஸாமை எந்த நாள் எந்த நேரம் எழுதறதுன்னு பெரும்பாலும் மாணவரே வெச்சுக்கிறாங்க, கண்காணிப்பு கிடையாது, எழுதி முடிச்சவங்க கேள்வி எப்படி இருந்துச்சு, கஷ்டமா சுலபமான்னு கூட மத்தவங்ககிட்ட வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் கோட் தானா அடுத்த வருஷத்துக்கு வர்றதில்ல. வருஷா வருஷம் மாணவர்கள் எல்லாரும் ஒரே இடத்துல கூடணும், கோரம், அதாவது குறைஞ்சபட்ச ஆள் எண்ணிக்கை, சேரணும், மைக் முன்னாடி நின்னு எந்த விதி பிடிக்கலன்னு சண்டை போடலாம், திருத்தம் கொண்டுவரலாம், மணிக்கணக்கா போகும், சில பேர் நடுவுல எந்திரிச்சுப் போகப் பாப்பாங்க, கோரம் உடைஞ்சிடும்னு ஃப்ரெண்ட்ஸ் பிடிச்சு உக்கார வைப்பாங்க. கடைசில இந்தக் கோட் நமக்கு வேணுமான்னு கேப்பாங்க, போன வருஷம் கைதூக்கினவங்க கால்வாசிப் பேர் பட்டம் வாங்கிட்டுப் போயிருப்பாங்க, புதுசா வந்தவங்க முதல் தடவையா அதுக்கு ஓட்டுப் போடுவாங்க.